குண்டு விழுந்த மறுநாள் காலைல டீ போட்டது யாரு?

1937-ல பிரிட்டன் அரசாங்கத்துல ஒரு கணக்கு போட்டாங்க. ஜெர்மனி விமானத்துல வந்து குண்டு போட ஆரம்பிச்சா முதல் 60 நாள்லயே 6 லட்சம் பேர் செத்துடுவாங்க, அதுக்கு டபுளா 12 லட்சம் பேர் அடிபட்டுக் கிடப்பாங்கன்னு. இந்தக் கணக்கை நம்பி ஆஸ்பத்திரில படுக்கைகளை காலி பண்ணி வச்சாங்க, அட்டையில செஞ்ச சவப்பெட்டிகளை வாங்கி அடுக்கினாங்க, மொத்தமா புதைக்க எங்கெங்க இடம் இருக்குன்னு பார்த்து வச்சாங்க. ஆனா நடந்தது வேற. ரெண்டாம் உலக யுத்தம் முழுக்க சேர்த்து பிரிட்டன்ல குண்டுவீச்சுல செத்த பொதுமக்கள் சுமார் 60,000 பேர். சின்ன நம்பர்னு சொல்ல வரல, ஆனா பயந்ததுல பத்துல ஒரு பங்கு. யாரும் யோசிக்காம விட்டது என்னன்னா, வீடு இடிஞ்சு போகும், ஆனா உள்ள இருந்தவன் உயிரோட வெளிய வருவான். வந்தவனுக்கு போட்டுக்க துணி வேணும், குடிக்க ஏதாவது சூடா வேணும், ராத்திரி எங்க படுக்கறதுன்னு தெரியணும், பொண்டாட்டி புள்ள எந்த ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு யாராவது சொல்லணும். 1941 மே மாசத்துக்குள்ள லண்டன் வட்டாரத்துல ஆறுல ஒருத்தர் ஏதோ ஒரு சமயத்துல வீடு இல்லாம நின்னிருக்காங்க. செத்தவங்களுக்கு பிளான் ரெடியா இருந்துச்சு, பொழைச்சவங்களுக்கு ஒண்ணுமே இல்ல.

இந்த ஓட்டையை அடைச்சது பெரும்பாலும் சம்பளம் வாங்காத பொம்பளைங்க. யுத்த காலத்துல பெண்கள்னாலே நமக்கு ஞாபகம் வர்றது ஃபேக்டரில வெல்டிங் பண்ற பொண்ணு, இல்லன்னா நர்ஸ். அவங்களுக்கு போஸ்டர் இருக்கு, படம் இருக்கு. கெட்டிலோட நின்ன அம்பது வயசு அம்மாவுக்கு அவ்வளவா ஒண்ணும் கிடையாது, ஏதோ சும்மா இருந்தவங்க உதவி பண்ணாங்கன்னு ஒரு வரில முடிச்சுடுவாங்க. எனக்கு என்னவோ அந்த ஒரு வரிக்குள்ள தான் நிறைய விஷயம் ஒளிஞ்சிருக்குன்னு தோணுது, அதனால தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

அமைப்போட பேரு விமன்ஸ் வாலண்டரி சர்வீசஸ், சுருக்கமா டபிள்யூ.வி.எஸ். 1938 மே மாசம் அப்போ உள்துறை அமைச்சரா இருந்த சர் சாமுவேல் ஹோர் கேட்டுக்கிட்டதால லேடி ரீடிங் ஆரம்பிச்சது. இந்த அம்மா யாருன்னா, இந்தியாவுல 1921-லருந்து 1926 வரை வைஸ்ராயா இருந்த ரீடிங் பிரபுவோட ரெண்டாவது மனைவி. பேரு ஸ்டெல்லா. வைஸ்ராய் ஆபீஸ்ல செக்ரட்டரியா வேலை பார்த்தவங்க, அவரோட முதல் மனைவி இறந்ததுக்கு அப்புறம் 1931-ல கல்யாணம், 1935-ல அவரும் போயிட்டார். அதாவது ஃபைல் எப்படி நகரும், எந்த அதிகாரியை எப்படி மடக்கணும்னு உள்ள இருந்தே கத்துக்கிட்ட ஆள். வெறும் பணக்கார விதவைன்னு நினைச்சா ஏமாந்துடுவோம்.

முதல்ல கொடுத்த வேலை சின்னது. வான் தாக்குதல் தற்காப்பு வேலைக்கு, அதாவது தெருவுல பாதுகாப்பு பார்க்கற வார்டன், ஆம்புலன்ஸ் டிரைவர் மாதிரி வேலைக்கு பெண்களை சேர்த்து விடணும், வீட்டுல எப்படி ஜாக்கிரதையா இருக்கறதுன்னு சொல்லித் தரணும், அவ்வளவு தான். 1939 செப்டம்பர்ல யுத்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள உறுப்பினர் 3 லட்சத்தை தாண்டிடுச்சு, உச்சத்துல 10 லட்சத்துக்கும் மேல. நிர்வாகச் செலவு அரசாங்கத்தோடது, வேலை செய்யறவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேரைத் தவிர யாருக்கும் சம்பளம் கிடையாது. யூனிஃபார்ம் கூட அவங்கவங்க காசுலதான் வாங்கணும். சாம்பல் கலந்த பச்சை ட்வீட் கோட்டு, பீட்ரூட் கலர் ஸ்வெட்டர், ஒரு தொப்பி. பச்சை துணி ராசியில்லன்னு அங்க ஒரு நம்பிக்கை உண்டு, அதனாலதான் சாம்பல் நூலை கலந்து நெய்தாங்கன்னு சொல்றாங்க.

இன்னொரு வித்தியாசம், இதுல ரேங்க் கிடையாது. ராணுவத்துல மாதிரி தோள்பட்டையில பட்டை, சல்யூட் எதுவும் இல்ல. இன்னிக்கு உங்களுக்கு என்ன பொறுப்போ அதுதான் உங்க பேட்ஜ், நாளைக்கு பொறுப்பு மாறினா பேட்ஜும் மாறிடும்.

யார் சேர்ந்தாங்கங்கறதை புரிஞ்சுக்க கட்டாய வேலைச் சட்டத்தை பார்க்கணும். 1941 மார்ச்சுலருந்து பெண்கள் வயசுவாரியா வந்து பேரைப் பதியணும்னு உத்தரவு, அதே வருஷம் டிசம்பர்ல 20-லருந்து 30 வயசு வரை கல்யாணம் ஆகாத பெண்களை ராணுவ துணைப்படைக்கோ சிவில் டிஃபென்ஸுக்கோ ஃபேக்டரிக்கோ கட்டாயமா அனுப்பலாம்னு சட்டமே வந்துடுச்சு. 14 வயசுக்கு கீழ குழந்தை கூட இருக்கற அம்மாக்களுக்கு விலக்கு. அப்போ மிச்சம் யாரு? வீட்டை விட்டு நகர முடியாத அம்மாக்கள், நாப்பது அம்பது தாண்டினவங்க, வயசான அப்பா அம்மாவை பார்த்துக்கறவங்க. அரசாங்க கணக்குல இவங்க எல்லாம் வருமானம் தர்ற வேலைல இல்லாதவங்க, நம்ம பாஷைல வீட்ல சும்மா இருக்கறவங்க. டபிள்யூ.வி.எஸ் அப்படியே இவங்களை மையமா வச்சு நின்னுச்சு. வாரத்துல ரெண்டு மத்தியானம் வர முடியுமா, வாங்க. காலைல ஒரு மணி நேரம்தானா, அதுவும் சரி.

முதல் பெரிய சோதனை குண்டு விழறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. 1939 செப்டம்பர் 1, 2, 3 இந்த மூணு நாள்ல பெரிய ஊர்கள்லருந்து கிட்டத்தட்ட 15 லட்சம் பேரை கிராமப்புறத்துக்கு மாத்தினாங்க, அதுல 8 லட்சத்துக்கும் மேல பள்ளிக்கூட பிள்ளைங்க, பெத்தவங்க கூட இல்லாம கழுத்துல பேர் எழுதின அட்டையோட. ரயில் டைம்டேபிள் எல்லாம் பக்கா. ஆனா ரயிலை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் என்னங்கறதுக்கு அதே அளவு யோசனை இல்ல. ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டா வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒண்ணுக்கு மேலன்னா தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ் அரசாங்கம் தரும், அவ்வளவு தான் ஏற்பாடு. ராத்திரி படுக்கைய நனைக்கிற பிள்ளைக்கு மாத்து விரிப்பு யார் தருவா, தலைல பேன் இருக்கற பிள்ளைய யார் குளிப்பாட்டுவா, ஷூ இல்லாம வந்தவனுக்கு ஷூ எங்க, அம்மா வேணும்னு அழுற பொண்ணை யார் தூங்க வைப்பா, இதெல்லாம் எந்த சர்க்குலர்லயும் இல்ல. இதை தலைல போட்டுக்கிட்டது அந்தந்த ஊர் பொம்பளைங்க. டபிள்யூ.வி.எஸ் ஆளுங்க ரயில்ல கூட போனாங்க, ஹால்ல சாப்பாடு போட்டாங்க, வீடு வீடா போய் இடம் கேட்டாங்க, துணி கிடங்கு ஆரம்பிச்சாங்க. இதுல சண்டையும் நிறைய, நகரத்து சேரிப் பிள்ளைங்களைப் பார்த்து கிராமத்துல முகம் சுளிச்சவங்க ஏராளம், நல்லா வேலை செய்வான்னு பார்த்து பையனை தேர்ந்தெடுத்தவங்களும் உண்டு. குண்டு எதுவும் உடனே விழாததால 1940 ஜனவரிக்குள்ள பாதிக்கு மேல திரும்பி போயிட்டாங்க. ஆனா நாட்டுல இவ்வளவு வறுமை இருக்குங்கறதை வசதியான வீட்டு அம்மாக்கள் பல பேர் சமையலறையிலயே வச்சு பார்த்தது அப்போதான்.

அப்புறம் பிளிட்ஸ், அதாவது பிரிட்டன் ஊர்கள் மேல ஜெர்மனி தொடர்ந்து நடத்தின குண்டுவீச்சு. 1940 செப்டம்பர் 7-ல ஆரம்பிச்சு லண்டன் மேல 57 ராத்திரி தொடர்ந்து குண்டு. வீடு போனவங்க தங்க ரெஸ்ட் சென்டர்னு பள்ளிக்கூடங்களை ஒதுக்கி வச்சிருந்தாங்க. இதை நடத்தின விதத்துல தான் எனக்கு கோவம் வரும். பழைய ஏழைகள் நிவாரணச் சட்டத்தோட புத்தி அப்படியே இருந்துச்சு, வசதி பண்ணிக் கொடுத்தா ஜனங்க அங்கயே உக்காந்துடுவாங்கன்னு பயம். அதனால சில மணி நேரம் தான் தங்குவாங்கன்னு முடிவு பண்ணி ரொட்டி, மார்ஜரின், டின்ல அடைச்ச மாட்டுக்கறி மட்டும் வச்சாங்க. கம்பளி பத்தல, படுக்க எதுவும் இல்ல, நூத்துக்கணக்கான பேருக்கு ஒண்ணு ரெண்டு கக்கூஸ். கிழக்கு லண்டன்ல கேனிங் டவுன் பக்கம் சவுத் ஹால்ஸ்வில் பள்ளிக்கூடத்துல இப்படி ஜனங்க வண்டிக்காக நாள்கணக்கா காத்துக்கிட்டிருந்தப்போ செப்டம்பர் 10 விடியக்காலைல கட்டடம் மேலயே குண்டு விழுந்துச்சு. அதிகாரபூர்வமா எழுபது சொச்சம் பேர் செத்தாங்கன்னு சொன்னாங்க, அந்த ஏரியா ஜனங்க இன்னிக்கு வரைக்கும் நூத்துக்கணக்குலன்னு தான் சொல்றாங்க.

ரெஸ்ட் சென்டர்கள் கொஞ்சம் கொஞ்சமா மனுஷன் இருக்கற இடமா மாறினதுல வாலண்டியர்களோட பங்கு பெருசு. அரசாங்கமும் காசு ஒதுக்குச்சு, விதிய தளர்த்துச்சு, அதை மறைக்க வேண்டாம். ஆனா விதி மாறறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு அம்மாக்கள் வீட்டுலருந்து பாத்திரத்தையும் கம்பளியையும் தூக்கிட்டு வந்துட்டாங்க. மொபைல் கேன்டீன்னு வேன்ல டீ பாத்திரத்தை ஏத்திக்கிட்டு தீ இன்னும் எரிஞ்சுக்கிட்டிருக்கற தெருவுக்குள்ள போனாங்க. 1940 ஜூலைலருந்து டீத்தூளே ரேஷன், ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது 56 கிராம் சொச்சம். அந்த காலத்துல சூடா ஒரு டீயை காசு வாங்காம ஒருத்தர் கைல கொடுக்கறது சாதாரண விஷயமா தெரியல எனக்கு. வேலைல இருக்கும்போதே செத்துப்போன டபிள்யூ.வி.எஸ் பெண்கள் இருநூறுக்கும் மேல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஹவுஸ்வைவ்ஸ் சர்வீஸ்னு ஒண்ணு. யூனிஃபார்ம் போட்டு எங்கயும் போக முடியாதவங்களுக்காக. சொந்த தெரு தான் டியூட்டி ஏரியா. ஜன்னல்ல ஒரு அட்டை மாட்டி வச்சிருப்பாங்க, இந்த வீட்ல உதவி கிடைக்கும்னு அர்த்தம். வெந்நீர், கம்பளி, முதலுதவி சாமான் ரெடியா இருக்கும். ஆனா நிஜமான சரக்கு அவங்க தலைக்குள்ள இருந்துச்சு. எந்த வீட்ல எத்தனை பேர், காது கேக்காத கிழவி எந்த ரூம்ல தூங்கறாங்க, யார் இன்னிக்கு நைட் ஷிஃப்ட் போயிருக்காங்க, எந்த வீட்டு பொண்ணு அக்கா வீட்டுக்கு போயிருக்கா. வம்புன்னு நாம கேலி பண்ற அதே தகவல்தான். வீடு இடிஞ்சு விழுந்ததும் மீட்புக்குழு வந்து முதல்ல கேக்கற கேள்வி, உள்ள எத்தனை பேர், எங்க தோண்டணும்? அதுக்கு டக்குனு பதில் சொல்லத் தெரிஞ்சவங்க இருந்தா அரை மணி நேரம் மிச்சம், இடிபாட்டுக்குள்ள கிடக்கறவனுக்கு அந்த அரை மணி தான் உயிர். இதை எந்த டிபார்ட்மென்ட்டும் ஃபைல் போட்டு சேகரிக்க முடியாது, சேகரிச்சாலும் மறுநாள் பழசாயிடும்.

இதோட இன்னொரு முகம் இன்சிடென்ட் என்கொயரி பாயிண்ட். குண்டு விழுந்த இடத்துக்கு பக்கத்துல ஒரு மேஜை, ஒரு லிஸ்ட், ரெண்டு மூணு பெண்கள். வேலை முடிஞ்சு திரும்பி வர்றவன் தெருவே இல்லாம நிப்பான், அவனுக்கு விஷயத்தை சொல்லணும். யார் ஆஸ்பத்திரில, யார் சொந்தக்காரங்க வீட்ல, யாரை இன்னும் கண்டுபிடிக்கல, யார் இல்ல. 1944 ஜூன்லருந்து ஆளில்லாத வி-1 பறக்கும் குண்டுகள் பட்டப்பகல்லயும் விழ ஆரம்பிச்சப்போ இந்த மேஜைகளுக்கு ரொம்ப வேலை. கெட்ட செய்தியை ஒரு போலீஸ்காரர் நோட்டைப் பார்த்து படிக்கறதுக்கும், பக்கத்துல உக்கார வச்சு ஒருத்தங்க சொல்றதுக்கும் உள்ள வித்தியாசத்தை தனியா விளக்க வேண்டியதில்ல.

மத்த வேலைகளை வேகமா சொல்லிடறேன், ஏன்னா லிஸ்ட் போட்டா முடியாது. பிரான்ஸ் கடற்கரைல இருக்கற டன்கர்க்லருந்து 1940 மே கடைசி, ஜூன்ல தப்பிச்சு திரும்பி வந்த சிப்பாய்களுக்கு கென்ட்ல ஹெட்கார்ன் மாதிரி ஸ்டேஷன்கள்ல ரயில் நிக்கற சில நிமிஷத்துல சாப்பாடும் டீயும் கொடுத்தாங்க. ராணுவத்துக்கு மறைப்பு வலைல பச்சை, பழுப்பு துணிக் கீத்துகளை கட்டிக்கிட்டே இருந்தாங்க, சாயத்தூசி மூக்குல ஏறி இருமல் வரும், கை எல்லாம் கலர். 1941 ஜூன்ல துணிக்கும் ரேஷன் வந்து வருஷத்துக்கு 66 கூப்பன்னு ஆனப்போ, வளர்ற பிள்ளைக்கு அது எங்க பத்தும், அதனால சின்னதா போன துணியை கொடுத்துட்டு பெருசு வாங்கிக்கற எக்ஸ்சேஞ்ச் நடத்தினாங்க. கேன்டீன் வசதி இல்லாத விவசாயக் கூலிகளுக்கு பை, அதாவது மாவுக்குள்ள கறி வச்சு சுடற பலகாரம், கிராமம் கிராமமா கொண்டு போய் வித்தாங்க, நல்லா நடந்த காலத்துல வாரத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல போச்சு. இன்னொரு பக்கம் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட், இது 1915-லருந்து கிராமத்துல இருக்கற சங்கம், யுத்தத்தை எதிர்க்கற குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவு உறுப்பினர்களும் உள்ள இருந்ததால நேரடி யுத்த வேலைல சங்கமா இறங்க மாட்டோம்னு நின்னாங்க, ஆனா பழம் வீணாகாம ஜாம் போடறதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல, அதுக்கு அரசாங்கமே சர்க்கரை ஒதுக்குச்சு.

எல்லாமே உருப்படியான வேலைன்னும் சொல்ல முடியாது. 1940 ஜூலைல விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் உங்க அலுமினிய பாத்திரத்தை கொடுங்க, ஸ்பிட்ஃபயர் விமானமா மாத்தித் தர்றோம்னு அறிக்கை விட்டார், லேடி ரீடிங் ரேடியோல பேசினாங்க, மலை மாதிரி சட்டி பானை குவிஞ்சுது. விமானத்துக்கு வேண்டியது உயர்தர அலுமினியம், வீட்டு வாணலி எல்லாம் அதுக்கு பெருசா உதவல, பழைய இரும்பு வியாபாரிகள் கிட்டயே சரக்கு கிடந்துச்சு. நாமளும் ஏதோ செஞ்சோம்னு ஜனங்களுக்கு ஒரு தெம்பு கிடைச்சுது, கூடவே பல வீட்டுல சமைக்க பாத்திரம் இல்லாம போச்சு. இந்த மாதிரி ஷோ காட்டற வேலையையும் ரெஸ்ட் சென்டர் வேலையையும் ஒரே தராசுல வச்சு தேசபக்தின்னு எழுதிடறாங்க, அது சரியில்ல.

அப்புறம் வர்க்கம். ரேங்க் இல்லன்னு சொன்னேன், காகிதத்துல நிஜம்தான். ஆனா ஊர் பொறுப்பாளரா இருக்கணும்னா வீட்ல டெலிபோன் வேணும், கார் இருந்தா நல்லது, பகல்ல நேரம் இருக்கணும். 1938-ல இதெல்லாம் யார் கிட்ட இருக்கும்? பெரிய வீட்டு அம்மாக்கள்தான் மேல, மிச்ச பேர் பாத்திரம் கழுவற பக்கம்னு பல ஊர்ல இருந்துச்சு. சம்பளம் வேண்டாம்னு சொல்றதே ஒரு வசதி, கூலிக்கு போயே ஆகணும்ங்கற நிலைமைல இருக்கற பொண்ணு வாலண்டியரா வர முடியாது. வந்தாலும் ஃபேக்டரில பத்து மணி நேரம், வீட்ல சமையல், ரேஷன் வரிசை எல்லாம் முடிச்சுட்டு தான் வரணும்.

காசு விஷயத்துல இன்னொரு வேடிக்கை. 1941 பட்ஜெட்டோட பிரிட்டன்ல முதல் தடவையா தேசிய வருமானக் கணக்கை அதிகாரபூர்வமா வெளியிட்டாங்க, ஜேம்ஸ் மீட், ரிச்சர்ட் ஸ்டோன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் போட்டது, பின்னால இருந்தது பிரபல பொருளாதார மேதை கெயின்ஸ். யுத்தத்துக்கு நாட்டோட சக்தி எவ்வளவுன்னு தெரியணும்னு போட்ட கணக்கு. அந்தக் கணக்குல கடைல வித்த டீ வரும், ரெஸ்ட் சென்டர்ல சும்மா ஊத்திக் கொடுத்த டீ வராது, டீத்தூள் வாங்கின செலவு மட்டும் வரும். வீட்டு வேலைக்கும் அதே கதி. இன்னிக்கு உலகம் முழுக்க ஜி.டி.பி, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்கு போடற முறை அங்கருந்து கிளம்பினது தான், அந்த ஓட்டையும் கூடவே வந்துச்சு.

இதைவிட மோசமானது நஷ்டஈடு. குண்டுல அடிபட்டு ஊனமானா அரசாங்கம் பணம் தரும், ஆனா ஆம்பளைக்கு தர்றதைவிட பொம்பளைக்கு வாரத்துக்கு 7 ஷில்லிங் கம்மி. ஒரே குண்டு, ஒரே தெரு, ஒரே கால். பொம்பளையோட கால் போனா சம்பாத்தியம் போகாதுல்ல, அதான் லாஜிக். கட்சி பார்க்காம ரெண்டு எம்.பி.க்கள், கன்சர்வேட்டிவ் மேவிஸ் டேட், லேபர் எடித் சம்மர்ஸ்கில், மத்த பெண் எம்.பி.க்களோட சேர்ந்து இதுக்காக தொடர்ந்து சண்டை போட்டாங்க, 1943 ஏப்ரல்ல தான் சமமாச்சு. அதே சம்மர்ஸ்கில் தான் ஊர்க்காவலுக்குன்னு இருந்த ஹோம் கார்டுல பெண்களை சேர்த்து துப்பாக்கி சொல்லிக் கொடுங்கன்னும் கேட்டாங்க. 1943-ல சேர்த்துக்கிட்டாங்க, உதவியாளர்னு, யூனிஃபார்ம் கூட இல்லாம ஒரு பேட்ஜை மட்டும் கொடுத்து. துப்பாக்கி கிடையாது.

அப்போ இந்த பெண்களுக்கு இதுல என்ன கிடைச்சுது? பேரோ ஊர்ல, வடமேற்கு இங்கிலாந்துல கப்பல் கட்டற ஊர் அது, நெல்லா லாஸ்ட்னு ஒரு குடும்பத்தலைவி 1939-லருந்து மாஸ் அப்சர்வேஷன் ஆய்வு அமைப்புக்காக டைரி எழுதி அனுப்பினாங்க. ஆரம்பிச்சப்போ வயசு 49. அதுக்கு முன்னாடி நரம்புத் தளர்ச்சில விழுந்து எழுந்தவங்க, கணவர் அதிகம் பேசாதவர், அவர் மனம் கோணாம நடந்துக்கறதே வாழ்க்கைன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. டபிள்யூ.வி.எஸ் சென்டருக்கு போக ஆரம்பிச்சதும் எழுத்தோட தொனியே மாறறது தெரியும். தைக்கறாங்க, கேன்டீன்ல நிக்கறாங்க, பொறுப்பு எடுக்கறாங்க, கணவர் கிட்ட பழைய மாதிரி பயந்து நடக்கறதில்ல. யுத்தம் முடிய முடிய, ஐயோ திரும்பவும் அந்த வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணுமேன்னு ஒரு கலக்கம். குண்டு நின்னதுக்கு சந்தோஷப்படற அதே மனசுல இதுவும். அரசாங்கத்துக்கு இலவச உழைப்பு கிடைச்சுது, அவங்களுக்கு வீட்டை விட்டு வெளிய போக யாரும் கேள்வி கேக்க முடியாத ஒரு காரணம் கிடைச்சுது. சுரண்டல்னு ஒரே வார்த்தைல முடிக்க என்னால முடியாதது இதனால தான்.

1945-க்கு அப்புறம் கலைச்சுடுவாங்கன்னு பலர் நினைச்சாங்க, கலைக்கல. ரேஷனே 1954 ஜூலை வரைக்கும் ஓடுச்சு, வேலைக்கா பஞ்சம்? 1943-ல வெல்வின் கார்டன் சிட்டில முடியாத வயசானவங்களுக்கு வீட்டுக்கே சாப்பாடு கொண்டு போய் கொடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க, அது மீல்ஸ் ஆன் வீல்ஸ்னு நாடு முழுக்க பரவி பல ஊர்ல உள்ளூர் நிர்வாகமே நம்பி இருக்கற சேவையாச்சு. 1958-ல பிரபுக்கள் சபைக்கு முதல் தடவையா ஆயுட்கால உறுப்பினர்களா பெண்களை எடுத்தப்போ லேடி ரீடிங்கும் அதுல ஒருத்தர். 1966-ல அமைப்போட பேருக்கு முன்னாடி ராயல்னு சேர்ந்துச்சு, 2013-ல பேர்லருந்து பெண்கள்ங்கற வார்த்தை போய் ராயல் வாலண்டரி சர்வீஸ் ஆச்சு. இப்போ ஆம்பளைங்களும் சாப்பாட்டு டப்பா தூக்கறாங்க, ஆஸ்பத்திரில கேன்டீன் வண்டி தள்ளறாங்க. ஜி.டி.பி கணக்குல அவங்க நேரமும் வர்றதில்ல.